ஒரே பெட்டியா, தனித்தனியா

எங்கள் வீட்டுக் கூடத்தில் டி.வி. வாயடைத்துப்போய் மாதக்கணக்காகிறது. படம் ஓடும். ஆட்கள் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், துப்பாக்கியை நீட்டுவார்கள். சத்தம் மட்டும் வராது. கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஸ்பீக்கர் செட்டை என் கணவர் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். டி.வி.யிலேயே இருக்கிற சின்ன ஸ்பீக்கரையாவது போடுங்களேன் என்றால், அதில் எல்லாரும் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறார்களாம். பல் டாக்டர் அல்லவா, வாயில் பஞ்சைத் தவிர வேறென்ன தோன்றும்?

புது ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. பந்திக்கு முந்தி வந்துவிட்ட விருந்தாளிகள் மாதிரி கூடத்து மூலைகளில் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. வாரம் ஒருமுறை தூசி தட்டுவது என் வேலை. அவற்றுக்கு உயிர் கொடுக்கிற பெட்டி மட்டும் வரவில்லை. எந்தப் பெட்டி என்பதில் என் கணவருக்கும் என் தம்பிக்கும் சண்டை.

தம்பி ரிசீவர் கட்சி. ரிசீவர் என்றால் ஒரே பெட்டி. படத்திலிருந்து வருகிற சத்தத்தைப் பிரித்து எந்த ஸ்பீக்கருக்கு எது என்று பங்கு வைப்பதும், அதை ஓட்டுகிற சக்தியைக் கொடுப்பதும் அதற்குள்ளேயே நடந்துவிடும். என் கணவர் தனித்தனிக் கட்சி. பங்கு வைக்க ஒரு ப்ராசஸர், சக்தி கொடுக்க இரண்டு பவர் ஆம்ப், ஆக மூன்று பெட்டி. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தால் ஒன்றின் சூடும் இரைச்சலும் இன்னொன்றைக் கெடுத்துவிடும் என்பது அவர் வாதம். தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஒரு லிஃப்டுக்குக் கதவை ஒருத்தனிடமும் மோட்டாரை ஒருத்தனிடமும் வாங்குவார்களா என்று ஒருநாள் கேட்டான்.

"ஏன் மாப்ள, மோட்டாருக்கு மட்டும் மொட்டை மாடியில தனி ரூம் கட்டி வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு?" என்றார் இவர்.

 தம்பி அதோடு சும்மா இருந்தானா? சாப்பாட்டு மேஜையில் தொடங்கிக் கை கழுவும் இடம்வரை ஒருவர் பின்னால் ஒருவர் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் நான் நடுவராம். எனக்கு எந்தப் பெட்டி வந்தாலும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். நடுவர் அப்படிப் பேசக் கூடாது என்றார்கள்.

என் கவலை அப்போது கூடத்தில் இல்லை, கிளினிக்கில் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அவருடைய பல் கிளினிக். முன்னறை மேஜை என்னுடையது. போனை எடுப்பேன், நேரம் கொடுப்பேன், பயந்துபோய் எழுந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பேன். உள்ளறையில் அவரும் நர்ஸும். அந்த நர்ஸ் வந்து இரண்டு வருடமாகிறது. அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் வந்த வேகத்திலேயே போனவர்கள். இவள் அவர் கையை நீட்டுவதற்குள் அதில் கருவியை வைத்துவிடுவாள். அவள் ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றாள்.

"எதுக்கெடுத்தாலும் கத்தறார் மேடம். நான் முணுமுணுக்கறேனாம். தொண்டை வலிக்க வலிக்கத்தான் பேசறேன், அப்பவும் அதே திட்டு. பேஷண்ட் முன்னாடி அசிங்கமா இருக்கு. போறேன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன். பதிலே சொல்லல. திரும்பிக்கூடப் பாக்கல."

அவள் போய்விட்டால் நாங்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான். அதைவிட, அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று காலையில் நாற்காலியில் இருந்தவருக்கு ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. டாக்டர், இன்னும் மரக்கலையாம் என்று நர்ஸ் மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னது, கதவு திறந்திருந்ததால் முன்னறையில் இருந்த எனக்கே கேட்டது. இன்னொரு தடவையும் சொன்னாள். இவர் குனிந்தபடி டிரில்லை ஓட விட்டார். அந்த ஆளின் இடது கை கூரையைப் பார்த்து எழும்பியது. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்பது இவர் எல்லாரிடமும் சொல்லி வைக்கிற ஏற்பாடு. உடனே நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு நர்ஸின் மேல் பாய்ந்தார். வாய்க்குள்ளேயே பேசினால் தனக்கு எப்படித் தெரியும், பேசத் தெரியாவிட்டால் எதற்கு வேலைக்கு வந்தாய் என்று.

அன்று மாலை நான் அவரிடம் பேசினேன். பேசினேன் என்றுதான் சொல்ல முடியும். நான் நர்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பவர் ஆம்பின் பின்பக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ம்" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனால், ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. திறந்தவர் அவர்தான். அவர் திறக்கிற கதவை மூடுவதற்கென்றே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புருஷர்களுக்குக் காது கேட்காமல் போவது வியாதி அல்ல, வசதி என்று நான் அந்தக் கூடத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதில் மட்டும் குறைவில்லை. பல்வலி நின்றுவிட்டது, வர வேண்டாமல்லவா என்று கேட்டு யாராவது போன் செய்தால் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்வார்.

"வலி நின்னுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல சார். உள்ள நரம்பு செத்துடுச்சுன்னு அர்த்தம். இப்பதான் நீங்க கண்டிப்பா வரணும்" என்பார். வாரத்துக்கு ஒருவரிடமாவது இதைச் சொல்லிவிடுவார். எனக்கு மனப்பாடம்.

பெட்டி பார்க்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கடையின் பின்பக்கம் சத்தம் கேட்டுப் பார்ப்பதற்கென்று கம்பளம் ஒட்டிய ஓர் அறை. நடு நாற்காலி இவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். வெடிச் சத்தம் வந்தால் தலையை ஆட்டுவார், பாட்டு வந்தால் விரலால் தாளம் போடுவார், யாராவது பேச ஆரம்பித்தால் முகத்தைச் சுளிப்பார். பேச்சு தெளிவாக இல்லை, ரிசீவர் குரலை அமுக்குகிறது என்பார். கடைக்காரர் குரலை மட்டும் ஏற்றி வைப்பார். இன்னும் கொஞ்சம் என்பார் இவர். இன்னும் ஏற்றுவார். எனக்கும் தம்பிக்கும் காது வலிக்க ஆரம்பித்த பிறகுதான் இவர் முகம் கொஞ்சம் தெளியும். தனித்தனிப் பெட்டிகளை ஓட்டிக் காட்டியபோது, கடைக்காரர் முன்யோசனையோடு முதலிலேயே சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டார். இவர் கண்ணைத் திறந்து, பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் கைக்குட்டையைக் கிழித்துக் காதில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, அதையே வாங்கித் தொலையுங்கள் என்றேன். அப்போதும் வாங்கவில்லை. தனித்தனியிலும் பேச்சு முழுத் தெளிவாக இல்லையாம். அதைவிட நல்ல பவர் ஆம்ப் வேறொன்று இருக்கிறதாம். முதல்முறை எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த கடைக்காரர், கடைசி முறை எங்களைக் கண்டதும் அவசர வேலையாகக் கிடங்குக்குள் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு கிடங்கு இருந்தால் போயிருப்பேன்.

வெளியே வந்ததும் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு மாமா" என்றான். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. வழி நெடுக யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி தன் வீட்டு ரிசீவரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இன்றைக்கு இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவராமல் போகப்போவதில்லை என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்தச் சனியன் முடிந்தால்தான் அவரிடம் நர்ஸைப் பற்றிப் பேச முடியும். மாதக் கடைசி நெருங்கிவிட்டது.

கம்பிகளை மாட்டுவதற்குள் பாதி மத்தியானம் போய்விட்டது. பிறகு சோபாவில் தலை இருக்கும் உயரத்தில் ஒரு குட்டி மைக்கை வைத்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் கூவிக் காட்டுமாம், மைக் அதைக் கேட்டு அறைக்குத் தகுந்தபடி பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளுமாம். அது முடிகிறவரை யாரும் மூச்சுவிடக் கூடாது. மின்விசிறியை நிறுத்தினார்கள், ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள், என்னைச் சமையலறையில் நிறுத்தினார்கள். என் வீட்டிலேயே திருடி மாதிரி சுவரோரம் நின்றேன்.

அப்புறம் படம் போட்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நடிகர்கள் கூடத்துக்குள் வந்து நின்று பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக இருந்தது. எழுத்தைப் படிக்காமல் படம் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. நான் இவரைப் பார்த்தேன். முகம் சுளித்திருந்தது.

"முழுங்குது மாப்ள. பேச்சுல மேல் ஸ்தாயி இருக்கு பாரு, அதுலதான் தெளிவே இருக்கு. அதை உன் பெட்டி வெட்டிடுது" என்றார்.

வெட்டுகிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம் என்று தம்பி தன் போனை எடுத்தான். லிஃப்ட் வேலைக்காரனுக்கு எதையும் ஓட்டிப் பார்த்தால்தான் நம்பிக்கை. அடிமட்டத்திலிருந்து உச்சிவரை ஒரே சத்தம் மெதுவாக ஏறிக்கொண்டே போகிற ஒரு பதிவைத் தேடிப் பிடித்து, ரிசீவர் வழியாக ஓட விட்டான். முதலில் சோபா அதிர்ந்தது. பிறகு ஊதல் மாதிரி வந்தது. பிறகு விசில். விசில் மெலிந்து மெலிந்து ஊசியாகிக் காதுக்குள் இறங்கத் தொடங்கியபோது நான் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் இவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நின்னுடுச்சு பாத்தியா? இவ்வளவுதான் உன் பெட்டி. பாதி வழியிலயே செத்துடுச்சு. நான் சொன்னேன்ல?"

தம்பி கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றான்.

அக்காவும் தம்பியும் ஒன்றுசேர்ந்துகொண்டு விளையாடுகிறீர்களா என்று கேட்டார் இவர். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு மத்தியானம் முழுக்க நாசமாகி, கண்ணெதிரே நிரூபித்த பிறகும் இந்த மனுஷன் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று திட்ட வாயைத் திறந்தேன். திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. அவருக்கு இமைகூட அசையவில்லை. யாராலும் அப்படி நடிக்க முடியாது.

 ஃப்ரிட்ஜ் கதவு. முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன "ம்". மாஸ்க்குக்குள்ளிருந்து இரண்டு தடவை சொன்ன நர்ஸ். கடைக்குத் திரும்பத் திரும்பப் போயும் பிடிபடாத பேச்சுத் தெளிவு. எல்லாம் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. தம்பியைப் பதிவை மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னேன்.

"கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க. சத்தம் கேக்கற வரைக்கும் இடது கையைத் தூக்கி வெச்சிருங்க. நின்னதும் இறக்கிடுங்க."

நான் என்ன பேஷண்டா என்று சிரித்தார். ஆனாலும் ஜெயிக்கப்போகிற தெம்பில் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், கையைத் தூக்கினார். அதிர்வு வந்தது, ஊதல் வந்தது, விசில் வந்தது. கை நேராக நின்றது. விசில் மெலியத் தொடங்கியது. கை மெதுவாக இறங்கித் தொடையில் உட்கார்ந்துகொண்டது. சத்தம் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் திறங்கள் என்று கத்தினேன்.

திறந்தார். நான் காதைப் பொத்தியிருப்பதைப் பார்த்தார். தம்பி இரண்டு உள்ளங்கையாலும் காதை அழுத்திக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னும் வருதா?" என்று கேட்டார்.

"வருது."

அவர் எழுந்துபோய் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, மேலே இருக்கிற சின்ன வட்டத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். பிறகு அடுத்த காதை. பிறகு அடுத்த ஸ்பீக்கர். தம்பி பொறுக்க முடியாமல் நிறுத்திவிட்டான். நிறுத்தியதுகூட இவருக்குத் தெரியவில்லை, இன்னும் காதை வைத்துக்கொண்டே நின்றார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஸ்பீக்கரிலேயே ஏதாவது கோளாறாக இருக்கலாம் என்றார். குரலில் சத்து இல்லை.

"கோளாறு அதுல இல்லைங்க" என்றேன். "நின்னுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்லன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க. நாளைக்கே போய்க் காட்டிடலாம்."

அவர் சோபாவில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் டிரில்லைப் பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்.

"அப்ப அந்தப் பொண்ணு முணுமுணுக்கல."

தம்பி வேறொரு நாளாக இருந்தால் கூடத்தில் குதித்திருப்பான். அன்று கம்பிகளைச் சுருட்டப் போனவன் பாதியில் விட்டுவிட்டு, பெட்டி இங்கேயே இருக்கட்டும் மாமா, நான் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் கிளினிக்குக்கு வருகிறவர்களையெல்லாம் தள்ளிப் போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போனோம். இரண்டு காதிலும் மேல் ஸ்தாயி போய்விட்டது என்றார். வருடக்கணக்காகக் காதுக்குப் பக்கத்தில் கீச்சிட்ட டிரில்லும் காரணமாக இருக்கலாமாம். போனது திரும்பாது, கருவி மாட்டினால் பேச்சு புரியும் என்றார். கருவி விற்கும் இடத்துக்குத் தம்பியும் வந்தான். அங்கே இருந்த அம்மாள் அவரை எதிரில் உட்கார வைத்து, அவரவர் காதுக்குத் தகுந்தபடி சரிசெய்து தர நாளாகும் என்று சொல்லி, கடலைப்பருப்பு அளவில் ஒன்றை மேஜையில் வைத்து, எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது என்று விளக்கினாள். என் கணவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். இதிலேயே ப்ராசஸர் தனியாக, ஆம்ப் தனியாக வருகிற மாதிரி இல்லையா என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தம்பி வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். இந்த மனுஷனைத் திருத்த முடியாது. செவிடன் காதில், என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே பழமொழியும் போயிற்று.

அதற்கு அடுத்த நாள் காலையில், முதல் ஆள் வருவதற்கு முன்னால், அவர் நர்ஸை உள்ளறையிலிருந்து என் மேஜைக்கு முன்னால் கூப்பிட்டார். அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, இன்றைக்கு எதற்குத் திட்டோ என்ற முகத்தோடு வந்து நின்றாள். நான் பேனாக்களை அடுக்கினேன்.

"நீ முணுமுணுக்கலம்மா. என் காதுதான் போயிடுச்சு. உன் மேல கத்தினதெல்லாம் தப்பு" என்றார். "மாட்டிக்கிறதுக்கு மெஷின் வர நாளாகும். அதுவரைக்கும் நீ சொல்றது எனக்குக் கேக்கலன்னா தோளைத் தட்டு. பேஷண்ட் இருந்தாலும் பரவாயில்ல."

மாஸ்க்குக்குள்ளிருந்து அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, "என்னம்மா?" என்றார். அந்தக் கேள்வியை அதட்டாமல் அவர் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு, அவர் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மாசக் கடைசியோட போறேன்னு அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேன் டாக்டர். அது கேட்டுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இல்லம்மா. கேக்கல."

"அப்ப நான் சொல்லலன்னே வெச்சுக்கோங்க" என்றாள் அவள். மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு, முதல் ஆளை உள்ளே அனுப்பச் சொல்லி எனக்குக் கை காட்டினாள்.